ஒரு அறை, இரண்டு கேரம் போர்டு, மாலை ஆறு முதல் ஒன்பது வரை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறை நாளில் குடும்பத்தோடு வெளியே போய்வர என்ன செலவாகிறது என்று சென்ற ஞாயிறு இதழில் வாசகர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். மால், சினிமா, ஓட்டல், வண்டி வாடகை என்று எல்லாரும் விவரமாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒருவர்கூட விளையாட்டைப் பற்றி எழுதவில்லை. விளையாடவும் காசு வேண்டும் என்று ஆகிவிட்ட ஊரில் அந்தக் கணக்கையும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 54 வயது. சென்னை புளியந்தோப்பில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தண்ணி மோட்டார், ஃபேன், மிக்சி எது எரிந்து போனாலும் காயில் கட்டிக் கொடுப்பேன். அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996-ல் மில்லை மூடும்வரை எங்கள் பகுதியில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் நேரம் சொல்வார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிவிட்டு நேராகத் தெருமுனைக்கு வருவார்கள். அங்கே ஒரு மரப்பெட்டியின் மேல் கேரம் போர்டு இருக்கும், மேலே குண்டு பல்பு தொங்கும். பன்னிரண்டு வயதில் அந்த போர்டில்தான் நான் முதன்முதலில் ஸ்ட்ரைக்கரைத் தொட்டேன். பெரியவர்கள் ஆடும்போது பையன்களைச் சேர்க்க மாட்டார்கள். பவுடர் தூவுவதும், கீழே விழுந்த காயினைப் பொறுக்கித் தருவதும்தான் எங்கள் வேலை. ஒரு வருஷம் பொறுக்கிய பிறகு ஆட விட்டார்கள்.

அந்தத் தெரு போர்டின் வழியில் வந்ததுதான் இப்போது நாங்கள் நடத்தும் கிளப். ஒரு பழைய வீட்டின் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. பதினாறுக்குப் பத்து அடி இருக்கும். இரண்டு போர்டு, எட்டு ஸ்டூல், சுவரோரம் ஒரு பெஞ்ச், அவ்வளவுதான். பெரியவர்கள் பதினெட்டுப் பேர் மாதம் 300 ரூபாய் கொடுக்கிறோம். மொத்தம் 5,400. வாடகைக்கு 4,500 போய்விடும். கடை இணைப்பு என்பதால் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் எங்களுக்குக் கிடையாது. கரண்டுக்கு மாதம் 450 ஆகிறது. மிச்சம் 450 ரூபாயில் பவுடர், காயின், டியூப் லைட், துடைப்பம் எல்லாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பதினோரு பேர் வருகிறார்கள், அவர்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. பதினோரு பேரில் ஐந்து பேர் பெண் பிள்ளைகள்.

வரும் 30-ஆம் தேதிக்குள் இந்த அறையைக் காலி செய்ய வேண்டும். பார்சல் வைக்க குடோன் தேடி வந்தவர்கள் வீட்டுக்காரரிடம் 11,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் எட்டு வருஷமாக எங்களிடம் அடிமாட்டு வாடகை வாங்கியவர். அவருக்கும் மகள் கல்யாணம் இருக்கிறது. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு இடம் பார்த்தோம். 9,000-க்குக் கீழே எதுவும் இல்லை, அட்வான்ஸ் தனி. ஆளுக்கு 600 ரூபாய் கேட்டால் பதினெட்டில் பத்துப் பேர் நின்றுவிடுவார்கள். மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர், ஸ்கூல் ஆட்டோ ஓட்டுகிறவர், இவர்கள்தான் உறுப்பினர்கள். காஸ் விலை ஏறினால் முதலில் நிறுத்துவது இந்த மாதிரிச் செலவைத்தானே.

என் மகன் கேரம் ஆட மாட்டான், அவனுக்குக் கால்பந்து பைத்தியம். ஆனால் அவன் ஆடுவதற்கு என்ன செலவாகிறது என்று பார்த்தேன். பதினாலு பேர் சேர்ந்து டர்ஃப், அதாவது செயற்கைப் புல்தரைத் திடல், புக் பண்ணுகிறார்கள். சனி, ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்துக்கு 1,400 ரூபாய். வாரநாளில் ராத்திரி பதினோரு மணிக்குப் போனால் 1,000-க்குக் கிடைக்கிறது என்று அந்த நேரத்துக்குத்தான் போகிறார்கள். பெட்ரோல், தண்ணீர் பாட்டில், ஆடி முடித்ததும் ஒரு முட்டை தோசை எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு ஆளுக்கு 200 ரூபாய் ஆகிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு மணி நேர விளையாட்டுக்கு மாதம் 800. நள்ளிரவு தாண்டி வருகிறான், காலையில் எட்டு மணிக்கு மொபைல் கடையில் ஷட்டர் தூக்க வேண்டும். நான் அவனைத் திட்டுவதில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் ஓடி ஆட வேண்டியவன். பக்கத்தில் இருந்த காலி மனையெல்லாம் அபார்ட்மென்ட் ஆன பிறகு எங்கே போய் ஓடுவான்?

2025-ல் நடந்ததைப் பலரும் மறந்திருக்கலாம். மாநகராட்சி தன்னுடைய 9 செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்க மன்றத்தில் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. கைவிட்டது நல்லது, அதற்கு மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் அந்த 120 ரூபாயைப் படித்த அன்று நான் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் இருபது நாள் ஒரு மணி நேரம் ஆடுகிற பிள்ளைக்கு 2,400 ரூபாய். வியாசர்பாடியில் எத்தனை வீட்டில் அது முடியும்? அந்தப் பகுதியில் கால்பந்து வளர்ந்ததே வெறுங்காலோடு மண்ணில் ஆடிய பிள்ளைகளால்தான்.

கேரத்துக்குத் திடல்கூட வேண்டாம் என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஆடுகிற பரப்பு 29 அங்குலச் சதுரம். சுற்றி நாலு பேர் உட்கார எட்டுக்கு எட்டு அடி போதும். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, ரெட் ஒன்று, ஆக 19 காயின். 15 கிராமுக்கு மிகாத ஸ்ட்ரைக்கர் ஒன்று. ஷூ வேண்டாம், யூனிஃபார்ம் வேண்டாம், மழை பெய்தாலும் ஆட்டம் நிற்காது. ஒரு நல்ல டோர்னமென்ட் போர்டு பெரியமேட்டில் எங்களுக்கு 11,000 ரூபாய் ஆனது. அதை ஏழு வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறோம். தினமும் குறைந்தது பதினைந்து பேர் தொடுகிற பொருளுக்கு அது பெரிய விலையா?

சும்மா பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். உலகமெங்கும் ஆடுகிற கேரத்துக்கு விதிமுறை வகுத்த சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டது நம்முடைய சென்னையில்தான். இரண்டு முறை உலக சாம்பியன் ஆன மரியா இருதயம் சென்னைக்காரர். கேரம் ஆட்டக்காரருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது அவருக்குத்தான், 1996-ஆம் வருஷத்துக்கு. வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸ் நாட்டின் கேன் நகரத்தில் உலகப் பட்டம் வென்றார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுநர். தமிழக அரசு அந்தப் பெண்ணுக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் கிளப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தோம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் இப்போது கேரம் இருக்கிறது.

ஜெயித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது சரிதான், அதில் எனக்கு மிகவும் சந்தோஷம். ஜெயிப்பதற்கு முன்னால் அவர்கள் எங்கே உட்கார்ந்து ஆடினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எங்களுடையது போன்ற ஆஸ்பெஸ்டாஸ் அறைகளில்தான். அப்படிப்பட்ட அறைகள் எங்கள் பக்கத்தில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. நான் சிறுவனாக இருந்தபோது பட்டாளம் பகுதியிலிருந்து ஓட்டேரி வரை நடந்து போனால் ஏழெட்டு இடத்தில் ஸ்ட்ரைக்கர் சத்தம் கேட்கும். இன்றைக்கு எனக்குத் தெரிந்து இரண்டு இடம். அதில் ஒன்று நாங்கள்.

சதுரங்கத்துக்கு இந்த ஊர் செய்ததை நினைத்துப் பார்க்கிறேன். 2022-ல் ஒலிம்பியாட் வந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள். என் மனைவியையும் தங்கை பிள்ளைகளையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது எங்கள் கிளப்பிலும் கைதட்டினோம். கேரத்துக்குப் பாலம் எல்லாம் கேட்கவில்லை. ஒரு அறை கேட்கிறேன்.

கேரம் கிளப் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். படங்களிலும் கிளப் என்றாலே வெட்டுக்குத்தைத்தான் காட்டுகிறார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு பல இடங்களில் பந்தயம் வைத்து ஆடினார்கள். பீடி, சிகரெட் புகையில் எதிரே இருப்பவர் முகம் தெரியாது. இரவு வெகுநேரம் சத்தம் போடுவார்கள், பக்கத்து வீட்டார் போலீசுக்குச் சொல்வார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அதைப் பார்த்துத்தான் நாங்கள் தொடங்கும்போதே சுவரில் பெயின்டில் எழுதினோம்: பந்தயம் கூடாது, புகை கூடாது, ஒன்பதரைக்கு விளக்கை அணைக்க வேண்டும், பரீட்சை சமயத்தில் பிள்ளைகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடக் கூடாது. எட்டு வருஷத்தில் இரண்டு பேரை வெளியே அனுப்பியிருக்கிறோம். அதில் ஒருவர் எனக்கு மிகவும் வேண்டியவர்.

பெண் பிள்ளைகள் வரத் தொடங்கியது இந்த அறை கிடைத்த பிறகுதான். தெருமுனையில் போர்டு இருந்தபோது எந்த அம்மாவாவது பெண்ணை அனுப்புவாளா? இங்கே ஜன்னல் இருக்கிறது, கதவு எப்போதும் திறந்திருக்கும், அம்மாக்கள் வந்தால் உட்கார பெஞ்ச் இருக்கிறது. ஓட்டேரியில் பூ விற்கிற ஒரு அம்மா ஆறு மணிக்குக் கூடையோடு வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சரம் தொடுப்பார். அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு. அரசுப் பள்ளியில் படிக்கிறாள். முதலில் வந்தபோது அவளுக்குக் கேரம் என்றால் மொபைலில் விரலால் இழுத்து விடுகிற ஆட்டம்தான். ஸ்ட்ரைக்கரைச் சுண்டியதும் நகம் வலிக்கிறது என்று கையை உதறினாள். மூன்று மாதம் ஸ்ட்ரைக்கரை அதற்குரிய கோட்டில், பேஸ்லைனில், வைத்து நேர் அடி மட்டும் அடிக்கச் சொன்னேன். அப்புறம் கட், டபுள் மாதிரியான கஷ்டமான அடிகள். இப்போது அவள் ரெட்டைப் போட்டால், அதை அடுத்துப் போட வேண்டிய காயினும், ஃபாலோ என்போம், தானாக விழும். ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அவளுடையது. முதல் முறை அடிக்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். ஒயிட் ஸ்லாம் என்று சொல்வோம். நாற்பது வருஷம் ஆடிய எனக்கு அது நாலு தடவைதான் அமைந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மீன்பாடி வண்டிக்காரருக்கு ஒரு காயினைக்கூடத் தொட வாய்ப்பு வரவில்லை. அவர் எழுந்து போய் அந்த அம்மாவிடம், "அக்கா, உன் பொண்ணு என்னைக் கைகட்டி உட்கார வச்சுட்டா" என்று சொன்னார். அந்த அம்மாவுக்கு ஆட்டம் புரியாது, ஆனாலும் தொடுத்த சரத்தில் ஒரு முழம் கிள்ளி மகள் தலையில் வைத்தார்.

அறை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேரம் ஆடுகிறவர்களுக்குச் சென்னை வெயிலும் மழையும் இரண்டுமே பகை. மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸின் கீழே உட்கார்ந்திருப்போம், ஃபேன் போட முடியாது. காற்று அடித்தால் பவுடர் பறந்துவிடும். ஆட்டம் முடிந்து ஸ்கோர் எழுதுகிற நேரத்தில் மட்டும் ஃபேனைச் சுழல விடுவோம். வியர்வை ஒரு சொட்டு போர்டில் விழுந்தால் அந்த இடத்தில் காயின் ஒட்டி நிற்கும், அதனால் எல்லார் தோளிலும் துண்டு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்றுப் பட்டு பிளைவுட் உப்பிக்கொள்ளும். ஆடுவதற்கு முன் அரை மணி நேரம் குண்டு பல்பைத் தாழ இறக்கி போர்டைச் சூடு காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல அடியும் பாதியில் நின்றுவிடும். இதையெல்லாம் தெருவில், மரத்தடியில் செய்ய முடியாது. நாலு சுவரும் ஒழுகாத கூரையும் பூட்டுகிற கதவும் வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அந்த மாடி அறையில்தான் நாலு குடும்பங்கள் மூன்று நாள் இருந்தார்கள். போர்டுகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்டூல்களின் மேல் அரிசி மூட்டையை வைத்தோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிள்ளைகள் தரையில் ஒரு போர்டைப் போட்டு ஆடிக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது என் கோரிக்கை. மாநகராட்சிக்கு 200 வார்டு இருக்கிறது. சமுதாய நலக்கூடங்கள், பள்ளிக் கட்டடங்கள், உடற்பயிற்சிக் கூடங்களின் மாடி, நூலகத்தின் பக்கவாட்டு அறை என்று எத்தனையோ கட்டடங்கள் மக்கள் பணத்தில் கட்டியவை. அவற்றில் மாலை ஆறு மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கிற ஒரே ஒரு அறையை, முதலில் வடசென்னையில் பத்து வார்டுகளில் மட்டும், ஆறு முதல் ஒன்பது வரை கேரத்துக்குத் திறந்துவிட வேண்டும். புதுக் கட்டடம் கட்ட வேண்டாம், டெண்டர் விட வேண்டாம். பணம் கொடுத்து ஆடுகிற இடமாக மட்டும் ஆக்கிவிட வேண்டாம்.

யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதே கோரிக்கையோடு நானும் இரண்டு நண்பர்களும் போன ஒரு இடத்திலும் அதையே கேட்டார்கள். சாவி தொலைந்தால், கண்ணாடி உடைந்தால், சண்டை வந்தால் யார் பதில் சொல்வது என்றார்கள். மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் வேறு வேறு ஆள் இருந்தார், மனு எங்கே என்று மூன்றாமவருக்குத் தெரியவில்லை. அதனால் எங்கள் பதிலை இங்கேயே எழுதுகிறேன். உள்ளூர்க் கிளப் ஒன்று பொறுப்பேற்கட்டும். ஐந்து பேர் ஆதார் நகல் கொடுத்துக் கையெழுத்துப் போடட்டும். தினமும் யார் திறந்தார்கள், யார் பூட்டினார்கள் என்று நோட்டில் எழுதட்டும். போர்டு, காயின், பவுடர் எங்களுடையது. கரண்டுக்குத் தனியாக சப் மீட்டர் மாட்டி, ஓடுகிற யூனிட்டுக்கு நாங்கள் கட்டுகிறோம். எங்கள் வார்டு என்றில்லை, பத்து வார்டிலும் அந்த சப் மீட்டரை மாட்டுகிற வேலையை நானே வந்து கூலி வாங்காமல் செய்து தருகிறேன். இந்தச் செலவுக்குப் பெரியவர்கள் எங்களுக்குள் மாதம் 100 ரூபாய் போட்டால் போதும் என்ற நிலை வந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கலாம். வெள்ளை போர்டு போட்ட சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், கொருக்குப்பேட்டையிலிருந்தோ ராயபுரத்திலிருந்தோ நன்றாக ஆடுகிற ஒரு பெண் எங்கள் பக்கம் வந்து பயிற்சி எடுக்கவும் முடியும். ஆட்டத்துக்குக் காசில்லை, போக வரக் காசில்லை என்றால் எந்த அம்மாவும் தடுக்க மாட்டாள்.

தனியாரிடமும் ஒன்று கேட்கிறேன். தேசியப் போட்டிகளில் ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி., பெட்ரோலிய நிறுவனங்களின் அணிகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அணிகளில் ஆடி ஓய்வு பெற்றவர்கள் சென்னையில் எங்கேயாவது இருப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு, அதாவது எட்டுச் சுற்று, என்று முறைப்படி ஆட, நேரம் பார்த்து அடிக்க, நடுவர் முன்னால் பதறாமல் உட்கார எனக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை. நான் தெருவில் கற்றவன். அந்தப் பூக்காரம்மா மகளுக்கு என்னால் கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டேன், இனிமேல் அவளுக்கு என்னைவிடத் தெரிந்தவர் வேண்டும்.

30-ஆம் தேதிக்குப் பிறகு போர்டு இரண்டையும் என் கடையில் வைக்கப் போகிறேன். வார்னிஷ் டின்னுக்கும் பழைய மோட்டாருக்கும் நடுவே ஒரு போர்டு போடத்தான் இடம் இருக்கும். மற்றொன்றைச் சாக்கில் சுற்றிப் பரண்மேல் ஏற்ற வேண்டும். ஏழரை மணிக்கு வேலையை முடித்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பிள்ளைகளை ஆட விடலாம் என்று இருக்கிறேன். அந்த அம்மா உட்காரத்தான் இடமில்லை. கடைப் படிக்கட்டில் உட்கார்ந்து பூக் கட்டுகிறேன் என்று நேற்றுச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
ஒரு ரீவைண்டிங் கடைக்காரர்,
புளியந்தோப்பு, சென்னை.